அந்த சைக்கிள் காட்சியை வெட்டினால் என்ன ஆகும்?

எடிட்டிங் அறையில் நான் அடிக்கடி கேட்ட புகார், ‘முதல் பாதி லேக் அடிக்குது’ என்பதுதான். உடனே கத்திரி பாய்வது, நண்பர்கள் சும்மா பேசித் திரியும் காட்சிகள் மேல். கதை நகரவில்லையாம். அப்போதெல்லாம் நான் துணைக்கு அழைப்பது, ஹாங்காங் இயக்குநர் ஜான் வூ 1990இல் எடுத்த ‘புல்லட் இன் தி ஹெட்’ படத்தை.

1967, கலவரத்தில் கொதிக்கும் ஹாங்காங். பென், ஃபிராங்க், பால் மூவரும் ஒன்றாகத் திரிகிறவர்கள். பென்னின் கல்யாணத்துக்காக ஃபிராங்க் கடன் வாங்குகிறான். அந்தப் பணத்தால் வந்த மோதல் கொலையில் முடிய, மூவரும் போர் நடக்கும் சைகோனுக்கு ஓடுகிறார்கள். அங்கே ஒரு பெட்டி தங்கம் பாலின் கைக்கு வருகிறது. அப்புறம் அவனுக்கு அந்தப் பெட்டிதான் எல்லாம். காயம்பட்ட ஃபிராங்க் வலியில் முனக, எதிரிக்குக் கேட்டுவிடுமே என்று அவன் தலையில் சுடுகிறான் பால். ஃபிராங்க் சாகவில்லை. மண்டைக்குள் தோட்டாவோடு, வலி தாங்காமல் போதைமருந்துக்கு அடிமையாகிறான். அவன் வேதனையைப் பென்தான் முடித்துவைக்கிறான்.

பால் ஃபிராங்கைச் சுடுவது திரையில் ஓடுவது சில நொடிதான். ஆனால் நம்மை உலுக்குகிறது. காரணம், தொடக்கத்தில் மூவரும் கடலோரத்தில் சைக்கிள் பந்தயம் விடுவதை நாம் நிதானமாகப் பார்த்திருக்கிறோம். ‘கதை நகராத’ காட்சி என்றால் அதுதான்! கடைசியில் பென்னும் பாலும் காரில் மோதிக்கொள்ளும்போது, அந்தப் பழைய சைக்கிள் ஷாட்கள் ஊடே வந்து போகின்றன. பாலின் நிறுவனத்து நிர்வாகக்குழு அறையிலேயே கதை முடிகிற இன்னொரு வடிவமும் உண்டு, கச்சிதமானது. ஆனாலும் என் ஓட்டு கார் மோதலுக்குத்தான். கொஞ்சம் மிகைதான், ஆனால் இழந்தது என்ன என்று அதில்தான் தெரிகிறது.

நீளம் கருதி ஜான் வூவும் இந்தப் படத்தை நிறைய வெட்ட வேண்டியிருந்தது. அப்படியும் வசூலாகவில்லை. இருந்தும் சைக்கிள் தப்பித்தது.

நான் வேலை பார்த்த ஒரு போர்ப்படத்தில், இரண்டு சிப்பாய்கள் ஒரே போர்வைக்கு அடித்துக்கொள்ளும் காட்சியைத் தூக்கச் சொன்னார் தயாரிப்பாளர். அது இருக்கும்போதும் இல்லாதபோதும் பின்னால் வரும் துரோகக் காட்சி எப்படித் தெரிகிறது என்று போட்டுக் காட்டினேன். இரண்டாவதைப் பார்த்துவிட்டு, “இவன் செத்தா எனக்கென்ன?” என்றார். போர்வை பிழைத்தது. அவர் கேட்ட நிமிடங்களைக் குண்டுவெடிப்பு ஷாட்களிலிருந்து எடுத்துக்கொடுத்தேன்.