அப்பத்தா சொன்னதுக்கும் சைட்டேஷன் உண்டு

காரைக்குடி பக்கத்துல இருந்து மெல்போர்னுக்குப் படிக்க வர்ற பிள்ளைகளுக்கு வீடு, பார்ட் டைம் வேலை, குளிர் இதப் பத்தியெல்லாம் சொல்ல நிறைய பேர் இருக்காங்க, அசைன்மென்ட் எப்படி எழுதணும்னு மட்டும் யாரும் சொல்றதில்ல. நான் பாத்த வரைக்கும் நம்ம பிள்ளைங்க அழுதது அதுலதான். மார்க் போறது ஒரு பக்கம், காப்பி அடிச்சிருக்கன்னு விசாரணைக்கே கூப்பிட்டு உக்கார வச்சிருவாங்க. ஊர்ல மெட்டீரியல்ல இருக்கறத வரி மாறாம எழுதித்தான மார்க் வாங்குனோம், அந்தப் பழக்கத்துக்குத் திருட்டுன்னு இங்க பேரு வைக்கும்போது மனசு உடைஞ்சு போயிருது.

நம்ம வீட்டுப் பாத்திரத்துல விலாசம் வெட்டியிருக்கும்ல, விசேஷத்துக்கு நாலு வீட்டு அண்டா வந்து கலந்தாலும் முடிஞ்சதும் விலாசத்தப் பாத்து அந்தந்த வீட்டுக்குப் போயிரும். சைட்டேஷனும், அதாவது ஒரு விஷயத்த எங்க இருந்து எடுத்தோம்னு கட்டுரையில காட்டறதும், அதுதான். எடுத்துப் புழங்கறது தப்பே இல்ல, யார் வீட்டுதுன்னு தெரியணும்.

நான் கன்சர்வேஷன், அதாவது பழைய கட்டடங்களப் பாதுகாக்கறது பத்தின பேப்பருக்குச் செட்டிநாட்டு வீடுகளப் பத்தி எழுதுனேன். காரைக்குடி சிவகங்கை மாவட்டத்துல இருக்குன்னு எழுத யாரையும் காட்ட வேணாம், எல்லாருக்கும் தெரிஞ்சது. 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் சேந்துச்சுன்னு எழுதுனா எங்க பாத்தேன்னு காட்டணும். புத்தகத்து வரிய அப்படியே எடுத்தா மேற்கோள் குறி, ஆசிரியர், வருஷம், பக்க எண் எல்லாம் வேணும், சொந்த வார்த்தையில எழுதுனாலும் ஆசிரியரும் வருஷமும் வேணும். அங்கங்க நாலு வார்த்தைய மாத்திப் போட்டா அது சொந்த வார்த்தை ஆகாது. தமிழ்ப் புத்தகத்த இங்கிலீஷ்ல மாத்தி எழுதிட்டு பேர் போடாம விடுறாங்க பாருங்க, அதுவும் காப்பிதான், சாஃப்ட்வேர் கண்டுபிடிக்காமப் போகலாம், ஆனா நம்ம ஊர்க்காரர் உழைப்ப நாமளே மறைச்ச மாதிரி ஆயிருது, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

சுவர்ப் பூச்சு பத்தி அப்பத்தாகிட்ட போன்ல கேட்டேன். "சுண்ணாம்ப வெண்ணெயாட்டம் அரைச்சு முட்ட வெள்ளக்கருவக் கலந்து கடைசிப் பூச்சு பூசுவாக, தேய்ச்சுத் தேய்ச்சு முகம் தெரியிற அளவுக்குப் பளபளன்னு ஆக்கிருவாக அப்பு"ன்னாங்க. இத எப்படிப் போடுறதுன்னு கேட்டப்ப ட்யூட்டர் சொல்லிக் குடுத்தாங்க. ஏபிஏன்னு சைட்டேஷன் போடுற ஒரு முறை இருக்கு, அதோட 7வது பதிப்புல இதுக்கு பர்சனல் கம்யூனிகேஷன்னு ஒரு முறை இருக்கு, பேரு, தேதி ரெண்டையும் கட்டுரைக்குள்ளயே போடணும், மத்தவங்க தேடி எடுத்துப் பாக்க முடியாதுங்கறதால கடைசி லிஸ்ட்ல வராது. புரொஃபசர்ங்க பேருக்கு நடுவுல அப்பத்தா பேர டைப் பண்ணும்போது எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

டர்னிட்டின்னு, நம்ம கட்டுரை வேற எதோட ஒத்துப்போகுதுன்னு பாக்குற சாஃப்ட்வேர் காட்டுற சதவீதத்தப் பாத்துப் பதறாதீங்க, முறையாப் போட்ட மேற்கோளும் ரெஃபரன்ஸ் லிஸ்ட்டுமே அதுல கலராயிரும். வெறும் 5 சதவீதம்னாலும் அது ஒரே பத்தியச் சுட்டதா இருந்தா மாட்டிக்குவீங்க. போன செமஸ்டர்ல எழுதுன உங்க சொந்தக் கட்டுரையக்கூட கேக்காம மறுபடி குடுக்கக் கூடாது.

ரெஃபரன்ஸ சேத்து வச்சு லிஸ்ட் போட்டுக் குடுக்கற சாஃப்ட்வேர் ஸோட்டெரோ, ஃப்ரீதான், இப்பவே போட்டுப் பழகுங்க. பிப்ரவரி செமஸ்டருக்கு வர்றவங்க ஊர்ல தமிழ்ப் புத்தகம் எதையாவது புரட்டுனா தலைப்புப் பக்கத்தையும் அதோட பின்பக்கத்தையும் போன்ல எடுத்து வச்சுக்கங்க, ஆசிரியர், வருஷம், பதிப்பகம் பெரும்பாலும் அங்கதான் இருக்கும், வருஷமே போடலன்னா என்.டி. (நோ டேட்)ன்னு குறிச்சுக்கலாம். இங்க வந்து அந்தப் புத்தகத்தத் தேடுனா லேசுல கிடைக்காது.