பெருமாளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனோம்

எங்கள் வீட்டுப் பெருமாள், நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாலக்கிராமக் கல், நெல்லிக்காய் அளவுதான் இருப்பார். நல்ல கறுப்பு, எண்ணெய் தடவியது போல வழவழப்பு. ஒரு பக்கத்தில் சின்ன வாய் மாதிரி ஒரு துவாரம். விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் உள்ளே இரண்டு சுருள் தெரியும். அதைச் சக்கரம் என்பார் தாத்தா. ஸ்ரீவைகுண்டத்தில் தினமும் காலையில் அவருக்குத் தாமிரபரணித் தண்ணீரில்தான் திருமஞ்சனம். தாத்தாவுக்குப் பிறகு அப்பா. அப்பாவுக்குப் பிள்ளை இல்லை, நாங்கள் இரண்டு பெண்கள். அதனால் அவர் இருக்கும் வெள்ளிச் சம்புடம், சின்னச் சிமிழ், அக்கா வீட்டுப் பூஜைப் பெட்டியான கோயிலாழ்வாருக்குப் போயிற்று. 19 வருஷமாக அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர்தான் ஆராதனம் பண்ணுகிறார்.

"இவருக்குப் பிறந்த வீடு கண்டகி. ஒரு தடவை அழைச்சுண்டு போய்க் காட்டிட்டு வரணும்" என்று அத்திம்பேர் சொல்ல ஆரம்பித்தே பத்து வருஷம் இருக்கும். போன ஐப்பசியில்தான் வேளை வந்தது. அக்கா, அத்திம்பேர், நான். சம்புடத்தைப் பட்டுத் துணியில் சுற்றி, அத்திம்பேர் மார்போடு கட்டிக்கொண்டார். மலை மேலிருக்கும் முக்திநாத் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வரை தூங்கும்போது தவிர அதை அவிழ்க்கவில்லை.

காட்மாண்டுவில் பசுபதிநாதரைச் சேவித்துவிட்டு பொக்காரா வந்தோம். அங்கிருந்து முக்திநாத்துக்குக் கீழே இருக்கும் ஜோம்சோமுக்குச் சின்ன விமானம் உண்டு, அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் காலையில் மட்டும்தான் பறக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் தெற்கிலிருந்து காற்று கிளம்பிவிடும். திபெத் மேட்டுநிலம் வெயிலில் சூடேற, கீழே இருக்கும் காற்றை இந்த ஒரு சந்து வழியாக மேலே இழுக்கிறது. அந்தக் காற்றில் விமானம் இறங்க முடியாது. நாங்கள் இரண்டு நாள் விடியற்காலையில் போய் உட்கார்ந்து, மேகமூட்டம் என்று திரும்பினோம். மூன்றாம் நாள் அத்திம்பேர், "பெருமாள் தரை வழியா வரணும்னு நினைக்கிறார்" என்றார். சரி என்று ஜீப் பிடித்தோம்.

இப்போது நினைத்தால், அப்படிப் போனதுதான் பாக்கியம். விமானத்தில் போயிருந்தால் அந்த ஆற்றோடு ஒரு நாள் முழுக்க இருந்திருக்க மாட்டோம்.

பேனி என்ற ஊரில் காளி கண்டகி கண்ணில் பட்டாள். சாம்பலைக் கரைத்துவிட்டது போன்ற தண்ணீர். அங்கே நெல் வயல்கள், ஆரஞ்சு மரங்கள். தாதோபானியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, பெயருக்கே அதுதான் அர்த்தம். ருப்சே அருவி சாலையோரமாகவே விழுகிறது. அதற்கு மேலே சாலை குண்டும் குழியும்தான், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நாமம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மூடவில்லை. இடது பக்கம் தவளகிரி, 8,167 மீட்டர். வலது பக்கம் அன்னபூர்ணா, 8,091 மீட்டர். இரண்டுக்கும் நடுவில், பல ஆயிரம் அடி கீழே, இந்த ஆறு. உலகிலேயே மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் இதுவும் ஒன்று என்கிறார்கள்.

மலைதான் முதலில், ஆறு பிறகு என்று நினைத்திருந்தேன். இங்கே அது தலைகீழ். இமயம் எழுவதற்கு முன்பே ஓடிய ஆறு இது. மலை எழ எழ இவள் வழி மாறவில்லை, அறுத்துக்கொண்டே ஓடியிருக்கிறாள். அதற்கும் வெகு காலம் முன்னால் இந்த இடமெல்லாம் டெத்திஸ் என்ற கடல். அதில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினம், கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு, சுருள் ஓட்டுக்குள் குடியிருந்தது. அது செத்துச் சேற்றில் புதைந்து, சேறு கல்லாகி, இந்திய நிலத்தட்டு வந்து ஆசியாவோடு மோதியதில் கடலடி மலையுச்சிக்குப் போய்விட்டது. சுமார் 14 முதல் 16 கோடி வருஷம் முந்திய அந்த ஓடுகளின் சுருளைத்தான் சாலக்கிராமத்துக்குள் பார்க்கிறோம்.

இதை ஜீப்பில் அத்திம்பேரிடம் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். அவர் மார்பில் கட்டியிருந்த சம்புடத்தின் மேல் கையை வைத்தார். "பாற்கடல்ல இருந்தவர்தானே. கடல் இங்கே இருந்தது, அவரும் இருந்தார்" என்றார். எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

துக்குச்சே தாண்டியதும் பச்சை போய்விட்டது. பொக்காராப் பக்கம் நேபாளத்திலேயே அதிகம் மழை பெய்யும் இடம். அந்த மேகத்தையெல்லாம் அன்னபூர்ணா தடுத்துவிடுவதால் ஜோம்சோமில் வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர்கூடக் கிடைப்பதில்லை. மொட்டைப் பழுப்பு மலைகள், தட்டை மண் கூரைகள், கூரை ஓரத்தில் அடுக்கிய விறகு. மார்பாவில் மட்டும் வெள்ளையடித்த வீடுகளும் ஆப்பிள் தோட்டங்களுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி.

இந்தப் பக்கம் தகாலி மக்களின் ஊர்கள். ஒரு காலத்தில் திபெத்து உப்பு இந்த வழியாகத்தான் கீழே இறங்கியது, கீழ்நாட்டுத் தானியம் மேலே ஏறியது. அந்த வியாபாரம் அவர்கள் கையில் இருந்தது. இப்போது விடுதி நடத்துகிறார்கள். ஜோம்சோமில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மாளை எல்லோரும் 'தீதி' என்று கூப்பிட்டார்கள், நேபாளியில் அக்கா. அவர் அடுப்படியைப் பார்த்து எங்கள் அக்கா அசந்துபோனாள். சுவர் முழுக்கப் பித்தளைத் தட்டுகளும் செம்புக் குடங்களும் வரிசையாக, ஒவ்வொன்றும் முகம் பார்க்கலாம் போல. மலையேற்றத் தலைவலிக்குப் பூண்டு சூப் நல்லது என்று தீதி கொண்டுவந்தார். நாங்கள் பூண்டு சேர்ப்பதில்லை என்று கையால் ஜாடை காட்டியதும் சிரித்துக்கொண்டே எடுத்துப் போய்விட்டு, ஓர் அடுப்பைக் கழுவி விட்டுக்கொடுத்தார். அத்திம்பேர் எங்கள் குக்கரில் தளிகை பண்ணினார். 2,700 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதியில் அரிசி வேகாது. குக்கர் கொண்டு போகிறவர்கள் பிழைத்தார்கள்.

மறுநாள் முக்திநாத். அங்கே உயரம் சுமார் 3,700 மீட்டர். பொக்காராவிலிருந்து ஒரே மூச்சில் போய்த் தரிசனம் பண்ணிவிட்டு உடனே இறங்குகிறவர்கள் நிறைய. வயதானவர்களோடு போகிறவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், ஜோம்சோமில் ஓர் இரவாவது தங்குங்கள். எங்களோடு வந்த இன்னொரு கூட்டத்தில் ஒரு பாட்டிக்குக் கோயில் வாசலிலேயே மயக்கம் வந்து, சேவிக்காமலே கீழே தூக்கிக்கொண்டு போனார்கள். இவ்வளவு தூரம் வந்து அந்தக் கதவைப் பார்க்காமல் திரும்பிய அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ராணிபௌவாவில் ஜீப் நிற்கும். பௌவா என்றால் சத்திரம். அங்கிருந்து படியேற வேண்டும். அக்கா குதிரையில் போனாள், நானும் அத்திம்பேரும் நடந்தோம். பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றோம். பின்னால் திரும்பினால் தவளகிரி வெள்ளை வெளேரென்று நிற்கிறது. தலைக்கு மேலே தோரோங் கணவாய், அதைத் தாண்டி மனாங். வழியெல்லாம் ஐந்து நிறக் கொடிகள் படபடக்கின்றன, உருட்டிவிட்டுப் போக மந்திரச் சக்கரங்கள். வறண்ட மலையில் திடீரென்று ஒரு நெட்டிலிங்கம் போல உயர்ந்த பாப்ளர் மரச் சோலை. 84 சித்தர்கள் ஊன்றிவிட்டுப் போன கைத்தடிகள் துளிர்த்தவை அவை என்று பௌத்தர்கள் சொல்கிறார்கள். திபெத்துக்கு பௌத்தம் கொண்டுபோன பத்மசம்பவர் இங்கே தியானம் செய்தார் என்பதும் அவர்கள் நம்பிக்கை. இந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சுமிக் கியாட்சா, நூறு நீர் என்று பொருள்.

கோயில் சின்னது. நம்மூர் கோபுரத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் கூரையடுக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே எம்பெருமான் ஆளுயரத்துக்கு உலோகத் திருமேனியாக அமர்ந்திருக்கிறார், இரு பக்கமும் தேவிமார். கருவறையில் நின்று தீர்த்தம் தந்தது ஒரு பௌத்தப் பிக்குணி. தலை மழித்து, செவ்வாடை உடுத்தி, இருபது வயதுதான் இருக்கும். தலைமுறை தலைமுறையாக இந்தச் சன்னிதியைப் பார்த்துக்கொள்வது அந்தப் பிக்குணிகள்தான். நமக்கு விஷ்ணுவாக இருப்பவர் அவர்களுக்குக் கருணையே வடிவான போதிசத்துவர் அவலோகிதேசுவரர். எனக்கு முன்னால் நின்ற திபெத்துக் கிழவி மூன்று தடவை தரையில் விழுந்து எழுந்தார். அத்திம்பேர் நான்கு தடவை சேவித்தார். அத்திம்பேர் சம்புடத்தைத் திறந்து காட்டியதும் அந்தப் பிக்குணி குனிந்து பார்த்தார். "சாலிக்ராம்" என்று மெதுவாகச் சொல்லி, திருவடியில் இருந்த ஒரு பூவை எடுத்து உள்ளே வைத்தார்.

கோயிலைச் சுற்றி அரைவட்டமாக 108 தாரைகள். காளை முகம் வைத்த வாய்களிலிருந்து பனி உருகிய தண்ணீர் இடைவிடாமல் விழுகிறது. ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசத்துத் தீர்த்தமும் இங்கே விழுகிறது என்பது நம்மவர்கள் சொல்வது. அந்த 108-ல் நேபாளத்தில் இருப்பது இந்த முக்திநாத், அதாவது திருச்சாளக்கிராமம், ஒன்றுதான். திருமங்கையாழ்வார் பத்துப் பாட்டுப் பாடி, 'சாலக்கிராமம் அடை நெஞ்சே' என்று தன் நெஞ்சுக்குச் சொல்கிறார். சின்ன வயதில் அப்பா சொல்லிக்கொடுத்துப் பாடம் பண்ணியது. அப்பா இங்கே வந்ததில்லை.

முதல் தாரை உச்சந்தலையில் விழுந்ததும் மூச்சு நின்றது. ஐந்தாறு தாரை வரை ஒவ்வொன்றும் ஊசியாகக் குத்தியது. இருபதுக்கு மேல் தோல் மரத்துவிட்டது, காதில் தண்ணீர்ச் சத்தம் மட்டும். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. 'அடை நெஞ்சே, அடை நெஞ்சே' என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா முழுக்க நனையவில்லை, மருத்துவர் கூடாது என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு தாரையிலும் விரலை நீட்டித் தலையில் தெளித்துக்கொண்டே வந்தாள். கடைசித் தாரையில் மட்டும் இரண்டு கையையும் ஏந்தி முகத்தைக் கழுவிக்கொண்டு, "அப்பாவுக்கும் சேர்த்துடி" என்றாள்.

அங்கே ஒரு வருத்தம் சொல்லத்தான் வேண்டும். ஈரத் துணி, ஷாம்பு உறை, பிளாஸ்டிக் பாட்டில் என்று யாத்திரிகர்கள் போட்டதையெல்லாம் பிக்குணிகள் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு தமிழ்ப் பத்திரிகைத் தாளும் கிடந்தது. தயவுசெய்து கொண்டு போனதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கொஞ்சம் தள்ளி ஜ்வாலா மாயி. ஒரு சின்ன பௌத்த மடம். பீடத்துக்குக் கீழே திரையை விலக்கி, தலையைத் தரையோடு வைத்துப் பார்க்க வேண்டும். கம்பி வலைக்குப் பின்னால் விரல் உயரத்தில் ஒரு நீலச் சுடர். மண்ணிலிருந்து வரும் இயற்கை வாயு. பக்கத்திலேயே தண்ணீர் ஓடும் சலசலப்பு கேட்கிறது. எண்ணெயும் திரியும் இல்லாமல், தண்ணீர்ப் பக்கத்தில் எரியும் அந்தச் சுடரைப் பார்த்துவிட்டு அக்கா எழுந்திருக்கவே இல்லை. நான்தான் கைகொடுத்துத் தூக்கினேன்.

அன்று இரவு காக்பேனியில் தங்கினோம். சோங் ஓடை காளி கண்டகியில் சேரும் இடம், 2,800 மீட்டர். மண் வீடுகள், குறுக்குச் சந்துகள், சிவப்பு வண்ண மடம். அதற்கு வடக்கே மேல் முஸ்தாங், தனி அனுமதி இல்லாமல் போக முடியாது. சாலக்கிராமங்கள் வரும் தாமோதர குண்டம் அந்தப் பக்கம்தான். காக்பேனியில் பித்ருக்களுக்குப் பிண்டம் வைப்பது விசேஷம். அத்திம்பேர் தன் பக்கத்துக்கும் எங்கள் அப்பாவுக்கும் வைத்தார்.

மறுநாள் காற்று கிளம்புவதற்கு முன்னால், விடிந்ததும் ஆற்றுக்கு இறங்கினோம். ஆற்றுப்படுகை அரை மைல் அகலம் இருக்கும், முழுக்கக் கறுப்புக் கூழாங்கல். ஒரு கல்லை எடுத்தேன், வெறும் கல். இன்னொன்று உடைந்திருந்தது, உள்ளே வரிவரியாக ஒரு பாதிச் சுருள், நம் நத்தைக் கூடு போல. அதைத் திரும்ப அங்கேயே வைத்தேன். வீட்டில் ஒருவர் இருக்கிறார், போதும்.

அத்திம்பேர் முழங்கால் தண்ணீரில் நின்று சம்புடத்தைத் திறந்தார். கையில் பெருமாளை ஏந்தி, தண்ணீருக்குள் இறக்கினார். அந்தக் கறுப்புத் தண்ணீரில் அவர் கை தெரிந்தது, பெருமாள் தெரியவில்லை. ஒரு நிமிஷம் எனக்குப் பயம் வந்துவிட்டது. அக்கா கரையிலிருந்து, "கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ" என்றாள். அத்திம்பேர் புருஷ ஸூக்தம் முடியும் வரை எடுக்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுபோன துளசி காய்ந்திருந்தது, அதைச் சாத்தி, மார்பாவில் வாங்கிய உலர்ந்த ஆப்பிளையும் கல்கண்டையும் அமுது செய்வித்தோம். குதிரை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் நின்று கை கூப்பிவிட்டுப் போனாள். இந்தத் தண்ணீர் கீழே நாராயணியாகி, சோன்பூரில் கங்கையோடு கலக்கிறது. கஜேந்திரன் காலை முதலை பிடித்த இடம் அது என்பார்கள். அத்திம்பேர் பெருமாளைத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்தபோது அவர் விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

ஊர் திரும்பிய மறுநாள் காலை வழக்கம் போல அக்கா வீட்டில் திருமஞ்சனம். தண்ணீர் விட்டு முடித்ததும் அத்திம்பேர், "இங்கே வந்து பார்" என்று கூப்பிட்டார். வெள்ளி வட்டிலில் தாமிரபரணித் தீர்த்தம், அதன் அடியில் மூன்று கறுப்பு மணல். பெருமாளின் வாயோரத்தில் தங்கியிருந்தது. அக்கா அந்தத் தீர்த்தத்தை வடிகட்டாமல் எனக்கும் அவளுக்குமாகப் பங்கிட்டாள்.