பாலிகோண்ட்வானாலாண்ட் கேசட்: அசிமத் பிடிபட்டது, ஏ பக்கம் தயார்

ஏ பக்கம் இப்போது எந்த டெக்கில் போட்டாலும் ஒரே மாதிரி பாடுகிறது. முன்பெல்லாம் பதிவு செய்த டெக்கில் பளிச்சென்று கேட்கும். வேறொரு டெக்கில் போட்டால் கம்பளி போர்த்தியது போல மங்கிவிடும். வீட்டில் கேசட் பதிவு செய்கிற எல்லோருக்கும் தெரிந்த இந்தத் தலைவலி தீர்ந்துவிட்டது. குற்றம் அசிமத்தில், அதாவது நாடாவைப் படிக்கும் ஹெட் நிற்கும் கோணத்தில். தீர்த்த வழியை விவரமாக எழுதி வைக்கிறேன்.

ஆல்பம் எது என்பதில் யோசனையே இல்லை. மெல்போர்னின் கிங் கிஸார்ட் அண்ட் த லிஸார்ட் விஸார்ட் 2017இல் மட்டும் ஐந்து ஆல்பம் போட்டார்கள். அதில் நான்காவதான பாலிகோண்ட்வானாலாண்டை நவம்பர் 17 அன்று இலவசமாகவே விட்டார்கள். கேட்பதற்கு மட்டும் இலவசம் இல்லை. மாஸ்டர் கோப்புகளையும் அட்டைப் படத்தையும் கொடுத்து, கேசட் போடுங்கள், சிடி போடுங்கள், இசைத்தட்டு அடியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உலகம் முழுக்கச் சின்னச் சின்ன லேபிள்கள் அதை அடித்தன. இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் இந்த ஒரு ஆல்பத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. ஒரு இசைக்குழுவைப் பின்தொடர்வதற்கு இதைவிட நெருக்கமான வழி எனக்குத் தெரியாது. அவர்கள் கொடுத்த மாஸ்டரை எடுத்து நம் கையாலேயே பிரதி போடும்போது, ஒவ்வொரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் எங்கே ஒட்டுகின்றன என்பது வரை காதில் பதிந்துவிடுகிறது.

இசைத்தட்டுப் பிரிப்பையே எடுத்துக்கொள்ளலாம்: முதல் நான்கு பாட்டு ஏ பக்கம், மீதி ஆறு பி பக்கம். ஏ பக்கம் 21 நிமிடத்துக்குள் அடங்கும். பி பக்கம் 23ஐச் சற்றே தாண்டும். அதனால் 46 நிமிட கேசட்டை நம்ப வேண்டாம், 60 போடுங்கள். 90 வேண்டவே வேண்டாம். 60இன் நாடா சுமார் 18 மைக்ரான் தடிமன், 90இல் அது 12 மைக்ரான்தான். பழைய டெக்குகளில் மெல்லிய நாடா நெளியும், ஹெட்டின் மீது சீராக உட்காராது. பாட்டுகள் இடைவெளி இல்லாமல் ஓடுவதால் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே கோப்பாகச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓட விடுங்கள். தொடக்கத்தில் லீடர் (ஒலி பதியாத முனை நாடா) போக 8 நொடி விட்டால் போதும்.

இனி அசிமத். ஹெட்டில் இருக்கும் சின்னப் பிளவு, நாடா ஓடும் திசைக்கு மிகச் சரியாக 90 பாகையில் நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு சரியாக என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நாடாவில் பிடிக்கும் இடம் 4.76 மைக்ரான். ஸ்டீரியோவில் இடது டிராக் 0.6 மி.மீ., வலது 0.6, நடுவில் 0.3 காலி, ஆக இரண்டு டிராக்குகளின் மையங்களுக்கும் நடுவே 0.9 மி.மீ. ஹெட் ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு சாய்ந்தாலே இடதும் வலதும் 2.6 மைக்ரான் விலகிவிடும். அது 10 கிலோஹெர்ட்ஸில் அரை அலைக்கும் மேல். இரண்டையும் கூட்டி மோனோவில் கேட்டால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். டிரம்ஸின் சிம்பல் ஒலி காணாமல் போகும். ஸ்டீரியோவில் கேட்டாலும் ஒவ்வொரு சேனலிலும் சுமார் 2 டெசிபெல் குறையும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியைப் போட்டுப் பதிந்திருந்தால் திரும்பக் கேட்கும்போது அந்தக் குறைவு இன்னும் பெரிதாகும். அதனால்தான் அடுத்தவருக்குக் கொடுக்கும் கேசட்டில் டால்பியை அணைத்தே பதிய வேண்டும் என்கிறேன். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஹெட்டைத் தாங்கும் திருகு பெரும்பாலும் 2 மி.மீ. வகை, ஒரு முழுச் சுற்றுக்கு 0.4 மி.மீ. ஏறும். இரண்டு திருகுக்கும் இடையே 17 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், எட்டில் ஒரு பங்கு சுற்றிலேயே மேலே சொன்ன சாய்வு வந்துவிடும். ஆகவே திருகைத் ‘திருப்புவது’ என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். திருப்புளியை வைத்து லேசாகச் சாய்த்துப் பார்ப்பதுதான் வேலை. ஸ்பிரிங் இருக்கும் பக்கத்துத் திருகுதான் அசிமத்துக்கு உரியது. இன்னொன்றைத் தொடவே கூடாது. ஜப்பான் டெக் என்றால் அந்த ஊர் முனை உள்ள திருப்புளிதான் சரியாக உட்காரும். சாதாரண நட்சத்திரத் திருப்புளி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். காந்தம் ஏற்றிய திருப்புளியை ஹெட்டின் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இரண்டு ஹெட் டெக்கில் பதிவதும் படிப்பதும் ஒரே ஹெட், மற்றது அழிப்பதற்கு. அது கோணலாக இருந்தால் அதே கோணலில் பதியும், அதே கோணலில் படிக்கும், நம் காதுக்கு எல்லாம் சுத்தமாகவே இருக்கும். எனவே நாமே பதிந்த சோதனை ஒலியை வைத்து அந்த டெக்கைச் சரிபார்ப்பதில் பயனே இல்லை. வெளியிலிருந்து ஓர் அளவுகோல் வேண்டும். அளந்து செய்த சோதனை கேசட் கிடைத்தால் நல்லது, ஆனால் விலை அதிகம். அது இல்லாதவர்களுக்கு நம் ஊரில் அருமையான மாற்று இருக்கிறது: கம்பெனி பதிவான பழைய பஜனை கேசட்டுகளும் சொற்பொழிவு கேசட்டுகளும். குரல் நட்டநடுவில் நிற்கும். ஜால்ராவில் மேல் ஸ்தாயி தாராளமாக இருக்கும். சொற்பொழிவில் ‘ஸ’, ‘ஷ’ வரும் இடங்கள் உதவும். ஒரே கேசட்டை நம்பாதீர்கள். கம்பெனி கேசட்டுகளும் வேகமாக நகல் எடுத்தவைதான், ஒவ்வொன்றும் கொஞ்சம் விலகியிருக்கும். வெவ்வேறு கம்பெனியின் ஐந்தாறு கேசட்டை எடுத்து, எந்த நிலைக்குப் பெரும்பான்மை ஒத்துப்போகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

செய்முறை இதுதான். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, காந்தம் நீக்கி, டெக்கைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். டெக்கின் வெளியீட்டைக் கணினிக்குக் கொடுத்து, ஒரு சேனலைத் தலைகீழாக்கி இரண்டையும் கூட்டுங்கள். இப்போது கேட்பது வித்தியாசம் மட்டும். நடுவில் நிற்கும் குரல் எந்த இடத்தில் மிகக் குறைகிறதோ அதுதான் சரியான நிலை. சாதாரணமாகக் கூட்டி, ஒலி எங்கே உச்சமாகிறது என்று தேடுவதைவிட இது எத்தனையோ மடங்கு கூர்மையானது. உச்சம் மொட்டையாக இருக்கும், பள்ளம் ஊசி முனையாக இருக்கும். சோதனை ஒலிக் கேசட் கையில் இருந்தால் 1 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 3, 6, பிறகு 10 என்று ஏறுங்கள். நேராக 10இல் தொடங்கினால் ஒரு முழு அலை தள்ளி நிற்கும் பொய்யான பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். அது உண்மையான இடத்திலிருந்து 18 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) தூரத்தில்தான் இருக்கிறது.

நிலை கிடைத்ததும் திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு. காய்ந்த பிறகு மறுபடி அளந்தே ஆக வேண்டும், காயும்போது அது திருகை இழுக்கும். கேசட்டைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தையும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் குற்றம் ஹெட்டில் இல்லை, கேசட் கூட்டில். ஒட்டி மூடிய மலிவுக் கூடுகளில் இது சகஜம். ஐந்து திருகு போட்ட கூடு என்றால் பாதித் தொல்லை குறைந்தது.

பயாஸும் (பதியும்போது ஒலியோடு சேர்த்து ஹெட்டுக்குக் கொடுக்கும் உயர் அதிர்வெண் மின்னோட்டம்) லெவலும் இதற்குப் பிறகுதான். முன்னால் செய்தால் வீண். முன்பக்கம் பயாஸ் குமிழ் இருந்தால், மைனஸ் 20 டெசிபெல் அளவில் 400 ஹெர்ட்ஸும் 10 கிலோஹெர்ட்ஸும் பதிந்து, இரண்டும் சமமாகத் திரும்பி வரும் இடத்தில் வையுங்கள். பயாஸ் கூடினால் மேல் ஸ்தாயி குறையும், குறைந்தால் சிம்பல் சீறும். இந்த ஆல்பத்தில் லெவல் மீட்டரின் முள் 0ஐ ஒட்டியே ஆடட்டும், எப்போதாவது பிளஸ் 3 தொட்டால் பாதகமில்லை. அதற்கு மேல் போனால் டைப் 1 என்னும் சாதாரண நாடா தாங்காது.

வெற்று நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாகச் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்: அமெரிக்காவின் மிசௌரியில் நேஷனல் ஆடியோ கம்பெனி, பிரான்ஸில் ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ். நாடா நன்றாகவே இருக்கிறது. ஆனால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் நாடாவின் விலையை எட்டிப் பிடித்துவிடும். பழைய சரக்கில் டிடிகே டி, மேக்ஸெல் யுஆர் இன்னும் அகப்படும். வாங்கும்போது ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, நாடாவுக்குப் பின்னால், அதை ஹெட்டோடு அழுத்தும் குட்டிக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் அசிமத் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒலி விட்டுவிட்டு வரும். பெல்ட், உருளை வகையறாவுக்குச் சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் பழைய பெல்ட்டையே கையில் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குவது உத்தமம். மாடல் எண் சொல்லி வாங்கினால் பொருந்தும் என்று நிச்சயமில்லை.

60 நிமிட கேசட்டில் ஏ பக்கம் ஒன்பது நிமிடமும் பி பக்கம் ஏழுக்குச் சற்றுக் குறைவாகவும் மிஞ்சும். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்த தலைமுறைக்கு இந்த மிச்சத்தின் மதிப்பு தெரியும். அதில் என்ன போடுவது என்று தேடும்போதுதான் புது இசை கிடைக்கிறது. அதற்கு நான் வைத்திருக்கும் விதி: அதே பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றிலிருந்து நேராகக் கிளைத்ததாக இருக்க வேண்டும். ஏ பக்கம் மூன்றாம் பாட்டில் கதை சொல்லும் பெண் குரல் லேயா சீனியருடையது. இதே குழுவின், அதே ஆண்டு வந்த மர்டர் ஆஃப் த யுனிவர்ஸ் ஆல்பத்திலும் அவர்தான் பேசுகிறார். அவரது சொந்தப் பாட்டுகள் அதிராத நாட்டுப்புற வகை. 2020இல் வந்த த பாஸிங் சீன் ஆல்பத்தில் தொடங்கலாம். இத்தனை இரைச்சலுக்குப் பிறகு அந்த அமைதி ஏ பக்கத்தின் வாலுக்கு அவ்வளவு பொருத்தம்.

பி பக்கத்துக்கு வேறு கிளை. அதே 2017இல் வந்த ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானா ஆல்பத்துக்காக கிங் கிஸார்ட் குழுவினர் கிடாரில் கூடுதல் கட்டைகள் போட்டு, ஒரு ஸ்தாயியை 24 சம பங்காக்கினார்கள். நம் 22 ஸ்ருதிக் கணக்கோடு இதைக் குழப்ப வேண்டாம். இது சம அளவில் வெட்டியது. அதன் வேர் துருக்கியின் தந்தி வாத்தியமான பாக்லமா. அந்த நூலைப் பிடித்துப் போனால் எர்கின் கோராயின் 1974 ஆல்பம் எலெக்ட்ரோனிக் துர்குலர், செல்டா பாஜானின் 1976 ஆல்பம், அங்கிருந்து 2018இல் முதல் ஆல்பம் போட்ட ஆம்ஸ்டர்டாம் குழுவான அல்டன் கூன் என்று ஒரு வாரத்துக்குக் கேட்கக் கிடைக்கும். இப்போதைக்கு செல்டாவும் கோராயும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். ஆறரை நிமிடத்தில் இருவரையும் அடக்க முடியவில்லை.

கிளை பிடிக்க டிஸ்காக்ஸின் கிரெடிட் பட்டியலே போதும். யார் ஊதினார், யார் பேசினார், யார் மிக்ஸ் செய்தார் என்று ஒவ்வொரு பெயராகத் தட்டிப் போங்கள். ஸ்ட்ரீமிங் பரிந்துரைகளில் இது வராது, அது ஒரே ஒலியைத்தான் திரும்பத் திரும்ப நீட்டும். தவிர, 2025 ஜூலையில் கிங் கிஸார்ட் குழுவினர் ஸ்பாட்டிஃபையிலிருந்து தங்கள் பாட்டுகளை எடுத்துவிட்டு, இசை விற்கும் தளமான பேண்ட்கேம்பில் விரும்பிய விலைக்கு வைத்துவிட்டார்கள். கோப்பாகவே வாங்கிக்கொள்ளலாம், கேசட்டுக்கும் அதுதான் வசதி. ஒன்றை மறக்க வேண்டாம்: இலவச அனுமதி பாலிகோண்ட்வானாலாண்டுக்குத்தான், மிச்ச நிமிடங்களில் ஒட்டும் பாட்டுகளுக்கு இல்லை. அடுத்தவருக்குக் கொடுக்கும் பிரதியில் அந்த நிமிடங்கள் வெறுமையாகவே இருக்கட்டும்.

அடுத்த திட்டமும் மனதில் ஓடுகிறது: இதே குழுவின் 2016 ஆல்பமான நோனகன் இன்ஃபினிட்டி. ஒன்பதாம் பாட்டு முடியும் இடம் முதல் பாட்டோடு ஒட்டும், முடிவே இல்லாமல் சுற்றும். ஆட்டோ ரிவர்ஸ் டெக்கில் இதைச் சுற்றவிட வேண்டும். பக்கத்துக்கு 21 நிமிடம் என்றால் 60 மீட்டர் நாடா. 60 நிமிட கேசட்டிலிருந்து ஏறத்தாழ 26 மீட்டரை வெட்டி எடுத்து லீடரை மறுபடி ஒட்ட வேண்டும். லீடரை ஒளியால் கண்டுபிடித்து உடனே திரும்பும் டெக் என்றால் இடைவெளி குறையும். நாடா இறுகி நின்ற பிறகே திரும்பும் வகையில் ஓட்டம் அறுந்துவிடும். அங்கே அசிமத் திருகும் திசைக்கு ஒன்றாக இரண்டு.

அதற்கு முன் இந்தக் கேசட்டின் அட்டை பாக்கி. மடிப்பு அட்டையின் முகப்பு 65 மி.மீ. அகலம், 102 மி.மீ. உயரம், முதுகு 12.5 மி.மீ. இசைக்குழு கொடுத்த படம் சதுரம். நீட்டி இழுத்தால் விகாரமாகும். இருபுறமும் வெட்டினால் படத்தின் ஓரங்கள் போய்விடும். 65க்கு 65 சதுரமாக மேலே வைத்து, கீழே மிஞ்சும் 37 மி.மீ.இல் படத்தின் அடி ஓரத்து நிறத்தையே நிரப்பி, பெயரை அங்கே போடுவதாக முடிவு. 200 ஜிஎஸ்எம் தாளில் அச்சடித்து, மடிக்கும் முன் மை தீர்ந்த பேனாவால் கோடு கீறிக்கொண்டால் முதுகில் மை உதிராது. முதுகில் எழுதும் பெயர் மட்டும் பி பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிவாகும்வரை காத்திருக்கிறது.