எரிகல் மழைக்குத் தாய் வால்மீன் எது? மதுரையிலிருந்து கணக்குப் போடும் முறை

எரிகல் மழைக்குக் காரணமான துகள்களை உதிர்த்த வால்மீனையோ சிறுகோளையோ அதன் தாய் என்கிறோம். ஆகஸ்டில் விழும் பெர்சீட் எரிகற்களும் ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீனும் ஒரே பாதையில் வருவதை 1866இல் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி காட்டினார். அந்த வேலையை இன்று மொட்டைமாடியில் சிசிடிவி கேமராவும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியும் வைத்தே செய்யலாம். ஆனால் பாதை ஒத்துப்போனதும் தாய் கிடைத்துவிட்டது என்று எழுதுவது அவசரம்.

ஒரே கல்லை இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால்தான் அதன் உயரமும் பாதையும் கிடைக்கும்; அதற்குக் கேமராக்கள் 50 முதல் 100 கி.மீ. இடைவெளியில் இருக்க வேண்டும். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 50 கி.மீ.; போதும். இரண்டும் தரைக்கு மேல் 100 கி.மீ. உயரத்தில் ஒரே பகுதியைப் பார்க்கட்டும். நொடிக்கு 25 படம், இணையத்தோடு ஒத்துப்போகும் கடிகாரம், படத்தில் தெரியும் நட்சத்திரங்களை வைத்து ஒவ்வோர் இரவும் திசைச் சரிபார்ப்பு.

முடிந்தால் காரைக்குடியில் மூன்றாவது கேமரா வையுங்கள். டிசம்பர் 14 இரவு 9 மணிக்கு, ஜெமினிட் கற்கள் கிளம்புவதாகத் தெரியும் புள்ளி மதுரைக்கு வடகிழக்கே 15 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அப்போது கற்கள் காரைக்குடி-மதுரைக் கோட்டுக்கு ஏறக்குறைய இணையாகப் பாய்கின்றன. இரண்டு கேமராவும் ஒரே தளத்தில் பார்ப்பதால் குறுக்குவெட்டு கிடைக்காது, கணக்கு குலைந்துபோகும். அந்த நேரத்தில் திண்டுக்கல்தான் காப்பாற்றும். வடகிழக்குப் பருவமழை மேகம் விட்டால்தான் இதெல்லாம்!

பெரும்பாலான கணக்குகள் தவறுவது வேகத்தில். மே தொடக்கத்தில் விடியலுக்கு முன் வரும் ஈட்டா அக்வாரிட் கற்கள் நொடிக்கு 66 கி.மீ. வேகத்தில் நுழைகின்றன, தாய் ஹாலி வால்மீன், அதன் அரைநெட்டச்சு (நீள்வட்டப் பாதையின் நீளத்தில் பாதி) 17.8 வானியல் அலகு; ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு. பூமியின் ஓட்டத்தை நீக்கினால் கிடைக்கும், சூரியனைச் சார்ந்த வேகம் நொடிக்கு 41.5 கி.மீ. என்று வந்தால் அரைநெட்டச்சு சுமார் 17. 42 என்று வந்தால் சுமார் 90! அரை கி.மீ. பிசகு போதும், ஹாலி கைநழுவிவிடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மதுரையில் பூமியின் சுழற்சி மட்டுமே நொடிக்கு 0.46 கி.மீ.; அதைக் கழிக்க மறக்கக் கூடாது. காற்று கல்லைத் தடுப்பதால் தடத்தின் தொடக்கப் பகுதியிலிருந்தே வேகத்தை எடுக்க வேண்டும். பூமியின் ஈர்ப்பு கூட்டிய வேகத்தையும் நீக்க வேண்டும். சித்ரா பௌர்ணமி மே முதல் வாரத்தில் வரும் ஆண்டுகளில் நிலவொளி மங்கலான தடங்களை விழுங்கிவிடும். தடம் குட்டையானால் வேகமும் கெடும்.

பாதை கிடைத்ததும், அது தாயின் பாதையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க சவுத்வொர்த்-ஹாக்கின்ஸ் 1963இல் தந்த 'டி' அளவைப் போடுங்கள். சூரிய அண்மைத் தொலைவு, மையத்தொலைத் தகவு (நீள்வட்டம் எவ்வளவு நசுங்கியது என்பது), பாதைத் தளங்களுக்கு இடையிலான கோணம், அண்மைப் புள்ளியின் திசை ஆகிய நான்கு வேறுபாடுகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பதுதான் அது. 0.2க்குக் கீழே வந்தால் உறவு இருக்கலாம் என்பது வழக்கம். ஜெமினிட்டுக்கும் 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேதான் சிறுகோளுக்கும் இது 0.05ஐ ஒட்டி வரும், நல்ல பொருத்தம்.

டாரிட் கற்களுக்கு இதே 0.2ஐ நம்ப முடியாது. சாய்வு குறைந்த பாதைகளில் சிறுகோள்கள் நெருக்கியடித்துக் கிடப்பதால், எதை வைத்தாலும் தற்செயலாக ஒன்று பொருந்தும். ஆகவே வியாழனின் ஈர்ப்பையும் சேர்த்து, கல்லின் பாதையையும் சந்தேகப்படும் தாயின் பாதையையும் சில ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கி ஓட்டுங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் உறவு வலுப்படும். விலகிக்கொண்டே போனால் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த சிறுகோளை எடுக்க வேண்டியதுதான்.