‘ம்’ எத்தனை இருக்கிறது? ஈய எழுத்தில் ஒரு கவிதை நூல்

16 பக்கம், 60 பிரதிகள். கல்லூரி மாணவர்கள் ஈய எழுத்தைக் கோத்து, காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சு மெஷினில் அடித்து, கையால் தைத்த நூல். இதே வேலையில் இறங்குபவர்கள் கவிதைகளைத் தேர்ந்தெடுக்கும் முன் எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் கேஸைத் திறந்து ‘ம்’ எத்தனை, ‘து’ எத்தனை என்று எண்ணிவிடுங்கள். தமிழில் கி, கீ, கு, கூ எல்லாம் தனித்தனி வார்ப்பு. ‘கொ’வுக்குக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. அறைகள் அதிகம், அறைக்குள் எழுத்து குறைவு. 16 பக்கத்தையும் ஒரே மூச்சில் கோக்க எங்கள் கேஸ் போதவில்லை. இரண்டு பக்கம் கோத்து, அடித்து, எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போட்டுவிட்டு அடுத்த இரண்டு பக்கம். ஒரு தடவை அடிக்கக் கோத்த தொகுதி ஒரு பாரம்; மொத்தம் 8 பாரம்.

அதனால் பக்க வரிசையில் கோக்க முடியாது. நான்கு வெற்றுத்தாளைச் சேர்த்து மடித்துப் பக்க எண் எழுதிப் பார்த்தால் விளங்கும்: 1-உம் 16-உம் ஒரு பாரம், 2-உம் 15-உம் அதன் முதுகுப்பக்கம். ஜோடியின் கூட்டுத்தொகை 17 வரவில்லை என்றால் எங்கோ தப்பு.

பழைய கேஸ் என்றால் இன்னொரு சங்கதி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை எல்லாம் அதில் கிடக்கும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பக்கத்தில் பழைய ‘னை’, அடுத்ததில் புது ‘னை’ என்றால் பிழை போலத் தெரியும். எது வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

கையில் பிடித்து வரியைக் கோக்கும் ஸ்டிக்கில் எழுத்து இடமிருந்து வலமாகத்தான் போகும், தலைகீழாக. ‘ப’ கவிழ்ந்த கிண்ணம் போல இருக்கும். எழுத்தின் அடித்தண்டில் வெட்டியிருக்கும் பள்ளம், அதாவது காடி, மேலே பார்த்திருக்க வேண்டும். விரலால் தடவினாலே தெரியும். மெய்ப்பில் அதிகம் சிக்குவது ‘ர’வும் காலும். ‘மரம்’ என்ற சொல் ‘மாம்’ என்று வந்து நிற்கும். பிரிக்கும்போது அறை மாறி விழுந்த ஒரு ‘ர’ அடுத்த பாரத்தில் வேலையைக் காட்டும்.

கவிதை வரி குட்டை என்பதால் வேலை குறைவு என்று நினைக்க வேண்டாம். வலப்பக்க வெற்றிடம் முழுவதையும் ஈயக்கட்டையால் நிரப்பி, வரி ஸ்டிக்கில் சாயாமல் தானே நிற்கும் அளவுக்கு இறுக்க வேண்டும். ஒரு வரி தளர்ந்தாலும் பாரத்தைத் தூக்கும்போது எழுத்து உதிரும். பாரத்தைச் சட்டத்தில் முடுக்கிய பிறகு ஒரு மூலைக்கு அடியில் முடுக்கும் சாவியைச் செருகி, எழுத்துகளை விரலால் அழுத்திப் பாருங்கள். எது அமுங்குகிறதோ அந்த வரிக்கு மெல்லிய காகிதத்துண்டு போதும். அதற்காக அளவுக்கு மீறி முடுக்கினால் நடுப்பகுதி மேலே எழும்பிவிடும்.

தாள் 22 × 30 அங்குலக் கைத்தாள், அதாவது கையால் செய்த தாள். ஒன்றிலிருந்து 7½ × 11 அளவில் 8 துண்டு. 240 துண்டு தேவை. வீணாவதற்கு 24 சேர்த்து மொத்தம் 33 முழுத்தாள். கைத்தாளின் பிசிறு ஓரத்தை தாளை நிறுத்த மெஷினில் உள்ள பின்னில் முட்டவைத்தால் அச்சு ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் விழும். வெட்டிய ஓரம்தான் பின்னில் படவேண்டும். முதுகுப்பக்கம் அடிக்கும்போதும் அதே ஓரமே படும்படி பக்கவாட்டுப் பின்னை எதிர்ப்புறம் மாற்றுங்கள்.

மை ஒரு சுண்டைக்காய் அளவில் தொடங்கலாம். கூடினால் ‘ழ’வின் சுழியும் புள்ளியும் அடைத்துக்கொள்ளும். மங்கலாக விழும் எழுத்துக்கு மை கூட்டக் கூடாது. அச்சாகும் தாளுக்குப் பின்னால் இருக்கும் அழுத்தத் தாளில் அந்த இடத்தில் மட்டும் டிஷ்யூ துண்டு ஒட்டினால் எழும்பிவிடும். ட்ரெடிலை மிதிப்பவரே தாளும் வைக்க வேண்டும். கோணலாகப் போன தாளின் பின்னால் கையை விடவே கூடாது, தாள் போனால் போகட்டும். ஒரு பக்கம் அடித்துவிட்டு ஓர் இரவு காயவிடுங்கள். எழுத்தை மண்ணெண்ணெயால் துடைத்து உடனே பிரித்துவிட வேண்டும். ஈயம் தொட்ட கையோடு டீ, வடை கூடாது.

தைப்பதற்கு மடிப்பில் மூன்று துளை, மெழுகு தடவிய நூல் 20 அங்குலம். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளை வழியே உள்ளே, நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே, மீண்டும் நடுத்துளை வழியே உள்ளே. நூலின் இரு முனையும் நீளத் தையலின் இருபுறமும் வரும்படி வைத்து முடிச்சிட்டு, அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் முடிச்சு அவிழும்.