பழைய ஐடியூன்ஸ் பாட்டு திறக்கவில்லையா? அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

காசு கொடுத்து, ரசீதோடு வாங்கிய பாட்டு. பதினைந்து வருடம் கழித்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து புதிய கம்ப்யூட்டரில் போட்டால் கோப்பு இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆல்பத்தின் அட்டைப்படம்கூட வருகிறது. பிளே அழுத்தினால் மட்டும் பாஸ்வேர்டு கேட்கிறது, அல்லது ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அது கெட்டிருக்காது, பூட்டியிருக்கும். எந்தப் பூட்டு என்று தெரிந்தால் பல பாட்டுகளை இன்னும் மீட்கலாம்.

ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2003 ஏப்ரல் 28 அன்று திறந்தது. பாட்டு ஒன்று 99 சென்ட், 128 கேபிபிஎஸ் தரத்தில் சுருக்கிய ஏஏசி வடிவ ஒலி, அதன்மேல் ஃபேர்பிளே என்ற பூட்டு. அந்தக் காலத்துக் கோப்புகளின் பெயர் எம்4பி என்று முடியும். கடைசி எழுத்து ‘புரொடெக்டெட்’ என்பதைக் குறிக்கிறது. பூட்டில்லாதவை எம்4ஏ. ஆனால் பெயரை யாரும் மாற்றிவிட முடியும், பெயரை மாற்றினால் பூட்டு போய்விடாது. அதனால் உள்ளே பார்ப்பதே சரி. மீடியாஇன்ஃபோ அல்லது எஃப்எஃப்புரோப் போன்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்தால், ஒலி எந்த வகை என்று சொல்லும் நான்கெழுத்துக் குறி தெரியும். சாதாரணக் கோப்பில் அது ‘எம்பி4ஏ’, பூட்டிய கோப்பில் ‘டிஆர்எம்எஸ்’. இத்தனை எளிதாகக் கண்டுபிடிக்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. ஐடியூன்ஸிலோ மேக்கின் மியூசிக் செயலியிலோ என்றால் ‘கைண்ட்’ என்ற நெடுவரிசையை இயக்கி அதன்படி வரிசைப்படுத்துங்கள். ‘புரொடெக்டெட் ஏஏசி’ என்று வருபவை எல்லாம் ஒரே இடத்தில் திரண்டு நிற்கும்.

இப்போது பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பேக்கப் எடுத்து வைத்தவர்களும் ஏமாறுவது இங்கேதான். கோப்புக்குள் இருப்பது வழக்கமான ஏஏசி ஒலிதான். அது ஏஇஎஸ் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் சாவியும் அதே கோப்புக்குள் இருக்கிறது. ஆனால் அந்தச் சாவியை இன்னொரு சாவியால் பூட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டாவது சாவி உங்கள் கணக்குக்கு உரியது. கம்ப்யூட்டரை ‘ஆத்தரைஸ்’ செய்யும்போது, அதாவது உங்கள் கணக்கின் பாட்டுகளைப் பாட அதற்கு அனுமதி தரும்போது, ஆப்பிளின் சர்வர் அதைக் கொடுக்கிறது, அது ‘எஸ்சி இன்ஃபோ’ என்ற மறைவான ஃபோல்டரில் போய் உட்காருகிறது. மியூசிக் ஃபோல்டரை மட்டும் பேக்கப் எடுத்தவரிடம் சாவி இல்லை. சாமர்த்தியமாக அந்த மறைவான ஃபோல்டரையும் சேர்த்து எடுத்தாலும் பயனில்லை, அது அந்தக் கம்ப்யூட்டரின் வன்பொருளோடு பிணைக்கப்பட்டது. ஆக, பூட்டிய பாட்டுக்கு எத்தனை பிரதி வைத்திருந்தாலும் அத்தனையும் பாதிப் பொருள்தான். மீதிப் பாதி விற்றவரின் சர்வரில் இருக்கிறது. எனக்கு இதில் ஆத்திரம் வருவது, வாங்கும்போது இதை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை என்பதால். ‘வாங்கு’ என்றுதான் பொத்தானில் எழுதியிருந்தது.

ஒரு கணக்குக்கு ஐந்து கம்ப்யூட்டரைத்தான் ஆத்தரைஸ் செய்யலாம். செத்துப்போன கம்ப்யூட்டரும், விற்றுவிட்ட கம்ப்யூட்டரும் அந்த ஐந்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மதர்போர்டை மாற்றினால் அதே பெட்டியே புதிய கம்ப்யூட்டராக எண்ணப்படலாம். ஐந்தும் நிரம்பிவிட்டால் கணக்கு விவரப் பக்கத்தில் ‘டீஆத்தரைஸ் ஆல்’ என்ற பொத்தான் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறைதான் அது வேலை செய்யும், பார்த்துப் பயன்படுத்துங்கள். சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் திறக்கவில்லை என்றால், அந்தப் பாட்டை வேறொரு பழைய மின்னஞ்சல் கணக்கில் வாங்கியிருப்பீர்கள். பாட்டின் மேல் ‘கெட் இன்ஃபோ’ கொடுத்து, ‘ஃபைல்’ பகுதியைப் பாருங்கள். எந்தக் கணக்கில் வாங்கியது என்று அங்கேயே எழுதியிருக்கும்.

ஆப்பிள் பாட்டு வைத்திருப்பவர்கள் ஒருவகையில் தப்பித்தவர்கள், சர்வர் இன்னும் இருக்கிறது. விண்டோஸ் மீடியா பூட்டோடு, அதாவது டபிள்யூஎம்ஏ வடிவில் வாங்கியவர்களின் கதி மோசம். அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனி உரிமம் உண்டு. கம்ப்யூட்டர் மாற்றினால் விற்ற கடையின் சர்வர் மறுபடியும் உரிமம் தர வேண்டும். கடையை மூடினால்? எம்எஸ்என் மியூசிக் 2006இல் விற்பனையை நிறுத்தியது. 2008 ஆகஸ்ட் 31க்குப் பிறகு புதிய உரிமம் தர மாட்டோம் என்று அந்த வருடம் ஏப்ரலில் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்தார்கள். கண்டனம் கிளம்பியதும் 2011 முடியும் வரை நீட்டித்தார்கள். யாஹூ மியூசிக் 2008 செப்டம்பர் 30 என்று நாள் குறித்தது. வால்மார்ட்டும் அதே வருடம் அக்டோபரில் சர்வரை நிறுத்துவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. சோனி கனெக்ட் கடையும் 2008இல் மூடியது. அதன் பாட்டுகள் ஏட்ராக் என்ற சோனியின் சொந்த வடிவில் இருந்தவை. இதில் எனக்கு இன்றும் ஜீரணிக்க முடியாத ஒன்று: மைக்ரோசாஃப்ட் ‘பிளேஸ்ஃபார்ஷ்யூர்’ என்ற முத்திரையோடு இந்தப் பூட்டைப் பயன்படுத்தும் கடைகளையும் கருவிகளையும் ஊக்குவித்தது, 2006 நவம்பரில் அதே மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஸூன் என்ற பாட்டுக் கருவி அந்தப் பாட்டுகளைப் பாடாது.

இப்படிப்பட்ட டபிள்யூஎம்ஏ கோப்பு உங்களிடம் இருந்து, அதைப் பாடும் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரும் உயிரோடு இருந்தால், அதை ஃபார்மட் செய்யாதீர்கள், விண்டோஸைப் புதுப்பிக்காதீர்கள், ஹார்ட் டிஸ்க்கை மாற்றாதீர்கள். உரிமம் அந்த நிறுவலோடுதான் வாழ்கிறது. முதலில் பாட்டுகளை வெளியே எடுங்கள், மற்றது அப்புறம்.

வெளியே எடுக்கும் வழிகளில் முதலாவது, ஐடியூன்ஸ் பாட்டுகளுக்கு மட்டும் பொருந்துவது. 2007 மே மாதம் இஎம்ஐ இசை நிறுவனத்தின் பாட்டுகளைப் பூட்டில்லாமல், 256 கேபிபிஎஸ் தரத்தில் ஆப்பிள் விற்கத் தொடங்கியது. 2009 ஜனவரியில் எல்லாப் பெரிய நிறுவனங்களும் ஒத்துக்கொண்டுவிட்டதாக அறிவித்தார்கள். ஆனால் ஏற்கெனவே வாங்கிய கோப்புகள் தானாக மாறவில்லை. பாட்டுக்கு 30 சென்ட் கூடுதலாகக் கட்டி மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். இன்றைக்கு ஐடியூன்ஸ் மேட்ச் என்ற வருடச் சந்தா இதற்கு உதவும், விலை 24.99 டாலர். உங்கள் தொகுப்பில் உள்ள பாட்டு கடையிலும் இருந்தால் அதைப் பொருத்திப் பார்த்து, 256 கேபிபிஎஸ் பூட்டில்லாத கோப்பைத் தரும். சந்தா முடிந்த பிறகும் இறக்கிய கோப்புகள் உங்களோடு இருக்கும். எம்4பி கோப்புகளை முதலில் வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை ஆத்தரைஸ் செய்து, பொருத்தும் வேலை முடியும்வரை காத்திருங்கள். பிறகு ஒரே ஒரு பாட்டில் சோதியுங்கள்: கம்ப்யூட்டரில் உள்ள கோப்பை மட்டும் நீக்கி, மேகக் குறியை அழுத்தி மறுபடி இறக்குங்கள். நீக்கும்போது வரும் கேள்வியை அவசரத்தில் அழுத்திவிடாதீர்கள். நூலகத்திலிருந்தே அழிப்பதைத் தேர்ந்தெடுத்தால் மேகத்திலிருந்தும், அதாவது ஆப்பிளின் சர்வரிலிருந்தும், போய்விடும். வந்த கோப்பின் ‘கைண்ட்’ என்ன என்று பாருங்கள். ‘மேட்ச்டு’ அல்லது ‘பர்ச்சேஸ்டு’ என்றால் சரி. ‘ஆப்பிள் மியூசிக் ஏஏசி’ என்று வந்தால் அது ஆப்பிள் மியூசிக் என்ற மாதச் சந்தாவின் வாடகைப் பிரதி, அதுவும் பூட்டியது, சந்தா நின்றால் நின்றுவிடும். இந்த வேறுபாடு தெரியாமல் சொந்தப் பாட்டின் இடத்தில் வாடகைப் பாட்டை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

இரண்டாவது வழி சிடி. விற்ற ஒப்பந்தமே அனுமதித்த வழி இது. பூட்டை உடைக்கும் மென்பொருள் எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம், சொந்தப் பாட்டாக இருந்தாலும் பூட்டை உடைப்பதைத் தடை செய்கிறது, வேறு பல நாடுகளிலும் இதைப் போன்ற விதிகள் இருக்கின்றன. அதனால் நான் சிடி வழியைத்தான் சொல்வேன். பூட்டிய பாட்டுகளைப் பிளேலிஸ்ட்டில் போட்டு ‘ஆடியோ சிடி’யாக எழுத வேண்டும். ‘டேட்டா சிடி’ என்றால் பூட்டோடு அப்படியே பிரதியாகும். ‘எம்பி3 சிடி’யில் பூட்டிய பாட்டுகள் சேராது. ஒரே பிளேலிஸ்ட்டை ஏழு முறைதான் எழுத விடும், எனவே சோதனைக்குச் சின்னப் பட்டியலாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் கணக்கில் தவறுகிறார்கள். நான்கு நிமிடப் பாட்டின் எம்4பி கோப்பு சுமார் 4 எம்பி. 700 எம்பி சிடியில் 170 பாட்டு பிடிக்கும் என்று தோன்றும். ஆடியோ சிடிக்குக் கோப்பின் அளவு கணக்கே இல்லை, நேரம்தான் கணக்கு: 80 நிமிடம். சுருக்கிய ஒலி விரிக்கப்பட்டு நிமிடத்துக்குப் பத்தரை எம்பியாக எழுதப்படுகிறது. ஆக ஒரு சிடிக்கு 19 பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பாட்டுக்கு 16 சிடி. அத்தனை வட்டு வாங்க வேண்டியதில்லை, அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ ஒன்றிரண்டு போதும்.

எழுதும் முன் இரண்டு அமைப்புகளை மாற்றுங்கள். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி வழக்கமாக 2 விநாடி இருக்கும். ஒன்றோடொன்று தொடர்ந்து வரும் கச்சேரிப் பதிவுகளில் அது தாளத்தையே வெட்டிவிடும், ‘நன்’ என்று வையுங்கள். ‘சவுண்ட் செக்’ தேர்வை எடுத்துவிடுங்கள், அது ஒவ்வொரு பாட்டின் ஒலி அளவையும் மாற்றி எழுதும். எழுதி முடித்ததும் அதே கம்ப்யூட்டரில், அதே ஐடியூன்ஸில் உடனே ரிப் செய்யுங்கள், அதாவது வட்டிலிருந்து பாட்டுகளை மறுபடி கோப்புகளாக எடுங்கள்: தான் எழுதிய வட்டை அது அடையாளம் கண்டு பாட்டுப் பெயர்களைத் தானே போட்டுக்கொள்ளும். வேறு கம்ப்யூட்டரில் செய்தால் ‘டிராக் 01’, ‘டிராக் 02’ என்று வந்து, 300 பாட்டுக்கும் பெயரைக் கையால் அடிக்க வேண்டியிருக்கும்.

எந்த வடிவில் ரிப் செய்வது? 128 கேபிபிஎஸ்ஸில் ஏற்கெனவே ஒருமுறை ஒலி இழந்த பாட்டு இது. மறுபடி எம்பி3யாகச் சுருக்கினால் இரண்டாம் முறை இழக்கும். சிம்பல், கைத்தட்டல், உச்சஸ்தாயிக் குரல் இவற்றில் ஒரு சலசலப்பாகக் காதில் விழும். அதனால் ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் அல்லது ஆப்பிள் லாஸ்லெஸ். கோப்பு ஆறேழு மடங்கு பெருக்கும், தரம் ஒரு துளியும் உயராது. மேலும் குறையாது, அவ்வளவே. ‘காமெண்ட்’ பகுதியில் ‘128 ஏஏசியிலிருந்து எடுத்தது’ என்று கட்டாயம் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் சில வருடத்தில் இதை அசல் சிடித் தரம் என்று நினைத்து, நல்ல பிரதி கிடைக்கும்போது வாங்காமல் விட்டுவிடுவீர்கள்.

சிடி எழுதும் கருவியே இல்லாத இடத்தில் கடைசி வழி, ஹெட்ஃபோன் துளையிலிருந்து வேறொரு ரெக்கார்டருக்கு ஒயர் போட்டுப் பதிவு செய்வது. பாட்டு ஓடும் நேரம் முழுக்க ஆகும். அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிட்டு, உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிடியாகவே வாங்கியவர்களையும் இந்தத் தொல்லை விட்டுவைக்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் ‘காப்பி கண்ட்ரோல்’ வட்டுகள் வந்தன. சிடிக்கான தரவிதியை மீறி, கம்ப்யூட்டர் டிரைவ் குழம்பும்படி உள்ளடக்க அட்டவணையைத் திரித்து எழுதியவை அவை. இப்படிப்பட்டது மாட்டினால் ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்ற ரிப் மென்பொருளில் உள்ளடக்கத்தை வட்டிலிருந்து நேரடியாகத் தேடிக் கண்டுபிடிக்கும் தேர்வு இருக்கிறது, முயன்று பாருங்கள், ஒரு டிரைவில் படிக்காதது இன்னொன்றில் படிக்கும். சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் எக்ஸ்சிபி வட்டுகள் இன்னும் ஆபத்தானவை. 2005 அக்டோபர் 31 அன்று விண்டோஸ் நிபுணர் மார்க் ருஸினோவிச் இதை வெளிக்கொண்டுவந்தார். வட்டைப் போட்டு அதனுடன் வரும் பிளேயரை ஏற்றினால், விண்டோஸுக்குள் தன்னை மறைத்துக்கொள்ளும் ரூட்கிட் ஒன்று குடியேறும். ஒரு குறிப்பிட்ட முன்னெழுத்தோடு தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்ததால், சில நாளிலேயே வைரஸ் எழுதுபவர்களும் அதில் ஒளிந்துகொண்டார்கள். பாட்டைத் திருடியவர் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, கடையில் போய் வட்டு வாங்கியவர் கம்ப்யூட்டர் திறந்துகிடந்தது. அந்தக் காலத்து வட்டைப் பழைய விண்டோஸில் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் தானியங்கி நிரல் ஓடாது. லினக்ஸில் போட்டால் அந்தக் கவலையே இல்லை.

இனி வாங்குபவர்களுக்கு: பேண்ட்கேம்ப், கோபஸ் போன்ற கடைகள் ஃபிளாக் கோப்பையே பூட்டில்லாமல் தருகின்றன. ஐடியூன்ஸ் பாட்டுகளும் இப்போது பூட்டில்லாதவைதான், ஆனால் கோப்புக்குள் உங்கள் கணக்குப் பெயர் எழுதியிருக்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். வாங்கிய அன்றே இறக்கிவிடுங்கள். உரிமையாளர் ஆல்பத்தைக் கடையிலிருந்து எடுத்துவிட்டால் மறுபடி இறக்கக் கிடைக்காமல் போகலாம். ஸ்ட்ரீமிங் செயலியில் ‘டவுன்லோடு’ செய்தது இதில் சேராது. ஸ்பாட்டிஃபை 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணையச் சொல்வது அந்தப் பிரதியின் உரிமத்தைப் புதுப்பிக்கத்தான்.

மீட்ட பாட்டுகளை உடனே சரிபாருங்கள். ஃபிளாக் கோப்பு தன் ஒலியின் எம்டி5 கையொப்பத்தை, அதாவது சரிபார்ப்பு எண்ணை, உள்ளேயே வைத்திருக்கிறது. ஃபிளாக் கருவியின் ‘டெஸ்ட்’ கட்டளையை ஃபோல்டர் முழுக்க ஓட்டினால் பழுதானது தனியே தெரிந்துவிடும். பிறகு உங்கள் கணக்கே இல்லாத ஒரு கம்ப்யூட்டரில், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பாட வையுங்கள். அங்கே முதலிலிருந்து கடைசிவரை ஓடினால்தான் பூட்டு போய்விட்டது என்று பொருள். பழைய கம்ப்யூட்டரை டீஆத்தரைஸ் செய்வதும் ஃபார்மட் செய்வதும் இந்தச் சோதனைக்குப் பிறகு.