கோடை முழுக்கப் பாய்மரப் படகு: இதுவரை பழகியது

பாய்மரப் படகு ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் படகை வாங்கலாம் என்றுதான். நான் இந்தக் கோடையில் பார்த்த வரைக்கும், சொந்தப் படகு இல்லாதவர்கள்தான் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையான மெரினாவில் வாராவாரம் சாயங்காலம் ஒரு சின்னப் பந்தயம் நடக்கும். பரிசு, மரியாதை எல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பெரிய படகுக்காரர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாது, உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு படகு கட்டும் மேடையில் போய் நின்று "ஆள் வேணுமா" என்று கேட்டால் யாராவது ஒருவர் ஏற்றிக்கொள்வார். அப்படித்தான் வாரத்துக்கு ஒரு படகு என்று மாறி மாறிப் போனேன்.

முதலில் கற்றது பாயைப் பற்றி இல்லை, கட்டுவதைப் பற்றி. படகைக் கொண்டுவந்து மேடையோடு சேர்க்கும்போது கையில் கயிற்றோடு குதிக்கிறவர்களைத்தான் புதியவர்கள் பார்த்துப் பழகுவார்கள், குதிக்கவே கூடாது என்பது அனுபவசாலிகள் கட்சி. படகின் நடுவில் ஒரு கயிறு, அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மேடையில் கயிறு கட்டவென்றே இருக்கிற இரட்டைக் கொம்பில் (கிளீட்) போட்டுவிட்டு, இன்ஜினை மெதுவாக முன்னோக்கி ஓடவிட்டு, சக்கரத்தை மேடைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால் போதும். படகு தானே மேடையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், மற்றக் கயிறுகளை ஆற அமரக் கட்டலாம். பக்கவாட்டுக் காற்றில் இதை ஒருவர் தனியாளாகச் செய்து காட்டியபோது எனக்கு வாய் பிளந்துவிட்டது. கொம்பில் கயிறு கட்டுவதற்கும் ஒரு முறை உண்டு: தூரத்துக் கொம்பைத் தொட்டு அடியில் ஒரு முழுச் சுற்று, மேலே ஒரு எட்டு, கடைசியாக ஒரு மடிப்புப் பூட்டு, அவ்வளவுதான். பயத்தில் நாலைந்து சுற்றுக் கூடுதலாகப் போடுகிறவரைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும், அவிழ்க்கும்போது அவர்தான் கடைசி.

பாய் பிடிப்பதில் எனக்குத் திறப்பாக இருந்தது பாயில் ஒட்டியிருக்கும் நூல்கள். முன்பாயின் இரண்டு பக்கமும் சின்ன நூல் தொங்கும், டெல்டேல் என்பார்கள். இரண்டும் நேராகப் பின்னோக்கிப் பறந்தால் எல்லாம் சரி. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் பாயை இழு, அல்லது படகைக் காற்றிலிருந்து விலக்கு. மறுபக்கத்து நூல் துள்ளினால் பாயைத் தளர்த்து, அல்லது காற்றை நோக்கித் திருப்பு. இதைக் காகிதத்தில் படித்தபோது மண்டையில் ஏறவே இல்லை, ஒரு சாயங்காலம் முழுக்க அந்த நூலை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு கை தானாகவே அசைய ஆரம்பித்தது.

தனியாக ஓட்டுவதற்குப் படகுச் சங்கத்தின் லேசர் என்ற சின்னப் பாய்மரப் படகு கிடைத்தது, இப்போது அதன் வகுப்புப் பெயர் ஐஎல்சிஏ. நீளம் 4.2 மீட்டர், உடல் மட்டும் ஏறக்குறைய 59 கிலோ, ஒரே பாய், ஒரே ஆள். புரூஸ் கிர்பி வடிவமைத்தது, 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. கவிழும், அதுவும் கூச்சமே இல்லாமல் கவிழும். நிமிர்த்தும் பயிற்சியை முதலிலேயே கேட்டு வாங்கிச் செய்துவிடுவது உத்தமம்: பாய்க்கயிற்றைத் தளர்த்தியாயிற்றா என்று பார்த்துவிட்டு, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அடிப்பலகையின் மேல் ஏறி நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். கயிறு இறுகியபடியே நிமிர்த்தினால் நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் சாயும், ஏற நேரமே கிடைக்காது.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் காலையில் கடல் கண்ணாடி, மதியத்துக்கு மேல் தரை சூடேறிக் காற்று மேலெழும்ப, கடலிலிருந்து குளிர்காற்று அந்த இடத்தை நிரப்ப வரும். பழக நல்லது 7 முதல் 10 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வரையான காற்று, அதாவது காற்றின் வலுவைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 3. சாயங்காலப் பந்தயத்தின் தலையெழுத்து என்னவென்றால், பாதி தூரம் போவதற்குள் காற்று விழுந்துவிடும், அப்புறம் மிதப்பதுதான்.

ஆனால் உண்மையில் அதிகம் கற்றது ஓட்டிய படகில் இல்லை, பந்தயம் நடத்தும் படகில். கொடி ஏற்ற ஆள் இல்லை என்று என்னை உட்கார வைத்தார்கள். தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்பு அந்தப் படகு வகைக்கான வகுப்புக் கொடி, 4 நிமிடம் இருக்கும்போது நீலத்தில் வெள்ளைச் சதுரம் போட்ட பி (P) கொடி, 1 நிமிடம் இருக்கும்போது பி இறங்கும், பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலி உண்டு, என்றாலும் கணக்கு கொடிக்குத்தான், ஊதல் மக்கர் செய்தாலும் தொடக்கம் தொடக்கமே. தொடக்கக் கோட்டை நேரத்துக்கு முன்பே தாண்டி முந்தியவருக்கு வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட எக்ஸ் கொடி. அங்கிருந்து பார்த்தால்தான் தெரிகிறது, கடைசி 1 நிமிடத்தில் எல்லோரும் கோட்டின் ஒரே முனையில் போய் முட்டிக்கொள்கிறார்கள், வலப்பக்கத்துக் காற்றில் போகிறவர் "ஸ்டார்போர்ட்!" (வலப்பக்கம்) என்று கத்துவார், இடப்பக்கத்துக் காற்றில் வருகிறவர் அவருக்கு வழி விட்டே ஆக வேண்டும் என்பதால் அந்தச் சத்தம் வேறு. நடுவில் இடம் அகலமாகக் காலியாக இருக்கும். அடுத்த முறை ஓட்டும்போது நடுவில் புகுந்தேன், சுத்தமான காற்று கிடைத்தது, முடிவில் எத்தனையாவது என்பதை விட்டுவிடுங்கள்.

பந்தயம் இல்லாத நாட்களிலும் மெரினாவில் ஏதாவது இருக்கும். பழைய கயிறு, பாய், கப்பி எல்லாம் கைமாறும் நாள் ஒன்று, புதிதாகப் பழகுகிறவர் தவறவே விடக்கூடாது. துப்புரவு நாளில் முக்குளிப்பவர்கள் மேடைக்கு அடியிலிருந்து எடுத்து வைத்ததில் கறுப்புக் கண்ணாடிகள்தான் அதிகம், ஒற்றைச் செருப்பு இரண்டாமிடம். படகுகளுக்கு விளக்குக் கட்டி இரவில் ஊர்வலம் விடுவார்கள், வேடிக்கை பார்க்க அழகு, ஓட்டுகிறவருக்குத் தலைவலி, அந்த வெளிச்சத்தில் பச்சை சிவப்பு வழிவிளக்குகள் கண்ணில் படுவதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது சிறுவர் நாள். ஆப்டிமிஸ்ட் என்ற அந்தச் சதுரமூக்குப் படகை கிளார்க் மில்ஸ் 1947-இல் வரைந்தார், 2.3 மீட்டர்தான். பயிற்சி முடிந்து மோட்டார் படகின் பின்னால் ஒன்றோடொன்று கட்டி இழுத்து வரும்போது வாத்துக்குஞ்சு வரிசைதான். அதில் உட்கார்ந்திருக்கும் பொடிசுகள் என்னைவிட நன்றாக ஓட்டுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் வராதவை இரண்டு. பலத்த காற்றில் பின்காற்றோடு போகும்போது பாயை மறுபக்கம் மாற்றுவது. பாயின் அடிக்கட்டை தலைக்கு மேலே வீசிப் போகும் அந்த நொடியில் இன்னும் கண்ணை மூடுகிறேன். இன்னொன்று இன்ஜின் படகைப் பின்னோக்கி எடுப்பது. முன்னே போகையில் வலஞ்சுழியாகச் சுற்றும் விசிறி, பின்னே போகையில் படகின் பின்பக்கத்தை இடதுபக்கம் இழுக்கும், வேகம் பிடிக்கும் வரை சுக்கானும் பேச்சுக் கேட்காது. இதைப் பழகக் காற்றில்லாத காலை நேரம் வேண்டும், பக்கத்துப் படகுகள் வெளியே போயிருக்கிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது, ஆளாளுக்கு ஃபெண்டரை (இடியைத் தாங்கும் மெத்தையை) தூக்கிக்கொண்டு ஓடிவர மாட்டார்கள்.